இரவுக்கு யார் பொறுப்பு?

2022 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. பெங்களூரு மான்யதா டெக் பார்க்கை ஒட்டிய பகுதியில், பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போய்விட்டு ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ரோந்து போலீஸ் வாகனம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அடையாள அட்டையைக் கேட்டார்கள், செல்போன்களை வாங்கிக்கொண்டார்கள். இரவு 11 மணிக்கு மேல் தெருவில் திரியக் கூடாது, அது விதிமீறல், 3,000 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். கெஞ்சி மன்றாடிய பிறகு 1,000 ரூபாயை க்யூஆர் குறியீடு வழியாக வாங்கிக்கொண்டு விட்டார்கள். அப்படியொரு விதி பெங்களூருவில் இல்லை. மறுநாள் அந்தக் கணவர் சமூக ஊடகத்தில் எழுத, சம்பிகேஹள்ளி காவல் நிலையத்தைச் சேர்ந்த இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தவறு செய்தவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவர்கள் சொன்ன சட்டம் பொய். அது மெய்யாக இருந்திருந்தால், அந்தத் தம்பதி யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. மேம்பாலத்தில் பதினாறு வயதுப் பையன்கள் பைக் வீலிங் செய்து பிடிபடும்போதும், செல்போன் பறிப்பில் சிறுவர்கள் சிக்கும்போதும், புத்தாண்டு இரவில் பிரிகேட் ரோட்டில் அசம்பாவிதம் நடக்கும்போதும் ஒரு குரல் எழுகிறது: "பதினெட்டு வயது ஆகாதவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்றோர்கள், பிள்ளை வரத் தாமதமானால் கேட்டுக்கும் வாசலுக்கும் நடப்பவர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தச் சட்டம் மருந்தாகாது, பல பிள்ளைகளுக்கு அதுவே புதிய ஆபத்தாகும் என்பதை அனுபவமும் ஆய்வும் காட்டுகின்றன.

ஊரடங்கு என்றால் என்ன என்று பெங்களூருத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிக் கலவரத்தின்போது தெருக்கள் மூடப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. கொரோனா காலத்து இரவு ஊரடங்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவை எல்லாம் ஒரு நெருக்கடிக்கு எடுத்த தற்காலிக நடவடிக்கைகள். நெருக்கடி தீர்ந்ததும் முடிந்துபோனவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவும், அதன் இடத்தில் இப்போது வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 163-வது பிரிவும் இப்படிப்பட்ட உத்தரவுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அரசு விரும்பினால் அதை நீட்டிக்கலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. வயதை வைத்துப் போடும் ஊரடங்கு வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு நெருக்கடி வேண்டாம், முடிவு நாளும் கிடையாது. ஒரு பிள்ளை எந்தத் தப்பும் செய்யாமல், தெருவில் நிற்பதனாலேயே சட்டத்தை மீறியவன் ஆகிறான்.

இந்தச் சோதனையை அமெரிக்கா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து பார்த்திருக்கிறது. 1880-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம் சிறுவர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டது. 1990-களில் இளையோர் வன்முறை பற்றிய அச்சம் பரவியபோது நூற்றுக்கணக்கான நகரங்கள் அதே வழியில் போயின. டல்லஸ் நகரம் 1991-ல் கொண்டுவந்த ஊரடங்கை 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. அதுவே மற்ற நகரங்களுக்கு முன்மாதிரியானது. வார நாளில் இரவு 11 மணி, வார இறுதியில் நள்ளிரவு, பெற்றோருடன் இருந்தாலோ வேலையிலிருந்து திரும்பினாலோ விலக்கு என்பதுதான் பெரும்பாலான சட்டங்களின் வடிவம். இத்தனை நகரங்கள், இத்தனை ஆண்டுகள். ஆகவே பலன் இருந்ததா என்று ஊகிக்கத் தேவையில்லை, கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். டேவிட் வில்சனும் அவருடைய சகாக்களும் தரமான 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஊரடங்கினால் இளையோர் குற்றமும் குறையவில்லை, இளையோர் குற்றத்துக்கு ஆளாவதும் குறையவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஊரடங்கு நேரத்தில் குற்றம் சற்றே கூடியதற்கான அறிகுறிகூடத் தென்பட்டது. ஜில்லியன் கார், ஜெனிஃபர் டோலியாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் வாஷிங்டன் நகரில் இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார்கள். அந்த நகரில் அப்போது கோடை மாதங்களில் ஊரடங்கு நள்ளிரவில் தொடங்கியது. செப்டம்பர் 1 முதல் வார நாட்களில் 11 மணிக்கே தொடங்கிவிட்டது. துப்பாக்கிச் சத்தத்தைத் தானாகப் பதிவு செய்யும் ஒலிக்கருவிகள் நகரில் பொருத்தப்பட்டிருந்தன. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்து, தேதி மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் அனுப்பப்பட்ட பிறகு, அதே 11 முதல் 12 மணிக்குள் கேட்ட துப்பாக்கிச் சத்தம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது.

இது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும், யோசித்தால் புரியும். தெருவில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அங்கே ஆள் இருப்பதால் வருவது. டீக்கடையில் நான்கு பேர், பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர், கிரிக்கெட் ஆடிவிட்டுத் திரும்பும் பையன்கள், டியூஷன் முடிந்து வரும் பெண்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவில் தப்பு செய்ய நினைப்பவன் தயங்குவான். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதையே விளக்கினார். ஊரடங்குக்குக் கீழ்ப்படிபவர்கள் சட்டத்துக்குப் பயந்த பிள்ளைகள், அவர்கள் போய்விடுகிறார்கள். மீறுபவர்கள் மட்டும் இருண்ட தெருவில் மிஞ்சுகிறார்கள். பார்க்கும் கண்களும் குறைகின்றன. போதாததற்கு, குற்றவாளியைத் தேடவேண்டிய போலீஸ்காரரின் நேரம் வயதைச் சரிபார்ப்பதில் கழிகிறது.

மாறான சான்றையும் சொல்ல வேண்டும். பேட்ரிக் க்ளைன் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஊரடங்கு வந்த நகரங்களில் அந்த வயதினர் கைதாவது குறைந்திருக்கிறது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கைது என்பது போலீசார் என்ன செய்தார்கள் என்பதன் கணக்கு. தெருவில் என்ன நடந்தது என்பதன் கணக்கு அதிலிருந்து வேறுபடலாம். பையன்களை நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப ஒரு புதிய அதிகாரம் கிடைக்கும்போது, கைது செய்யவேண்டிய சந்தர்ப்பம் குறையலாம். கருவிகள் தாமாகப் பதிந்த கணக்கு வேறு திசையைக் காட்டுவதால்தான் வாஷிங்டன் ஆய்வு முக்கியமாகிறது. மிகச் சாதகமாக எடுத்துக்கொண்டாலும், சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன என்றுதான் சொல்லலாம். கோடிக்கணக்கான பிள்ளைகளின் நடமாட்டத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அந்த அளவு சான்று போதாது. இந்தியாவில் 2022-ல் பதிவான சுமார் 58 லட்சம் குற்ற வழக்குகளில், சட்டத்துடன் முரண்பட்ட சிறார்மீது பதிவானவை 30,555 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவற்றிலும் எல்லாமே இரவில் நடந்தவை என்று கொள்ள முடியாது.

இனி பெங்களூருத் தெருவுக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு மேல் இங்கே வெளியே இருக்கும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் யார்? கோச்சிங் வகுப்பு முடிந்து, போக்குவரத்தில் மாட்டிக்கொண்ட பி.யூ. மாணவர்கள். அப்பாவோடு கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் பூ இறக்கப் போகிறவர்கள். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்க இடமில்லாததால் வாசலில் உட்கார்ந்து படிப்பவர்கள். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் ஒருவருக்குப் பயந்து வெளியே நிற்பவர்கள். மஜெஸ்டிக்கிலும் ரயில் நிலையத்திலும் வந்து இறங்கும், போக இடமில்லாத குழந்தைகள். அவர்களுக்காகவே 1980 முதல் பாஸ்கோ போன்ற அமைப்புகள் இந்த நகரில் வேலை செய்கின்றன. வீட்டுக்குள் இரு என்ற உத்தரவு, இருப்பதற்கு நல்ல வீடு உள்ளவனுக்குச் சுலபம். மற்றவர்களுக்கு அது தண்டனை. வயது முகத்தில் எழுதியிருப்பதும் இல்லை. பதினேழுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் தெரியாததால், இளமையாகத் தெரியும் எல்லோரையும் நிறுத்தவேண்டி வரும். காருக்குள் இருக்கும் பையனை யாரும் நிறுத்த மாட்டார்கள். நடந்து போகிறவனைத்தான் நிறுத்துவார்கள். மான்யதாவில் அன்று நடந்தது ஒவ்வோர் இரவும் நடக்கும், சட்டத்தின் துணையோடு.

ஒரு செயலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து இரவைத் தடைசெய்யும் சட்டம் எங்கே போய் நிற்கும் என்பது தமிழ் மண்ணுக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊர்களில் ரேகைச் சட்டம் என்றார்கள். குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்த ஆண்கள் கைரேகை பதிந்து, பல இடங்களில் இரவானால் காவல் நிலையத்துக்குப் போய்ப் படுத்துவிட்டு வரவேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. இளையோர் ஊரடங்கும் ரேகைச் சட்டமும் ஒன்று என்று சொல்வது அநியாயமான மிகை. வயது கடந்துபோகும், பிறப்பு கடந்துபோகாது, நோக்கமும் வேறு. ஆனால் இரண்டின் அடித்தளத்திலும் ஒரே எண்ணம் இருக்கிறது: இவன் இன்னும் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் இரவில் இவனை வெளியே விடக் கூடாது என்பது. அந்த எண்ணத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்ற நாம் கொடுத்த விலை பெரிது. இன்னொரு வாசல் வழியாக அதை உள்ளே விடுமுன் பலமுறை யோசிக்க வேண்டும்.

"பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவாவது வேண்டாமா?" என்பது மனத்தைத் தொடும் வாதம். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் கடுமையான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று ஆண்டுதோறும் வரும் தேசியப் புள்ளிவிவரம் சொல்கிறது. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பழக்கமானவர். அத்தகையவர்களிடமிருந்து தப்பி ஓடும் குழந்தைக்கு வெளியேதான் வழி. 2024 ஜூலையில் கோரமங்களாவில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டது இருண்ட சந்தில் அல்ல, அவர் தங்கியிருந்த பி.ஜி. விடுதிக்குள்ளேயே. அதன் பிறகு மாநகராட்சி விடுதி உரிமையாளர்களுக்குக் கேமரா, இருபத்துநான்கு மணி நேரக் காவல், ஓர் ஆளுக்குக் குறைந்தபட்ச இடம் என்று விதிகள் வகுத்தது. பொறுப்பு விழவேண்டிய இடத்தில் விழுந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 மணிக் கதவடைப்பை எதிர்த்து 2022-ல் உயர் நீதிமன்றம் போனபோது, நீதிபதி தேவன் ராமச்சந்திரன் பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வயது வந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் பூட்டிவைத்துப் பாதுகாப்பது என்ற பழக்கம் பதினெட்டாவது பிறந்தநாளில் நின்றுவிடுவதில்லை என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி.

ஊரடங்குக்கு ஆதரவாக வைக்கக்கூடிய வலுவான சான்று ஐஸ்லாந்து. அங்கே 12 வயது வரையிலான குழந்தைகள் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வயதினர் 10 மணிக்கு மேலும் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து போதையானவர்கள் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். வியக்கத்தக்க மாற்றம். ஆனால் அந்த நாடு கதவை மட்டும் அடைக்கவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் மாலை நேர இடங்களைக் கட்டியது. ரெய்க்யவிக் நகரம் ஒவ்வொரு குழந்தையின் பொழுதுபோக்குக் கட்டணத்துக்கும் பணம் தந்தது. பெற்றோர்கள் குழுவாக இரவில் தெருவில் நடந்தார்கள். பள்ளிதோறும் ஆண்டுதோறும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில், போலீஸ்காரரும் பிள்ளையும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தில் இது நடந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டு அந்த நேர விதியை மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் பெங்களூருவுக்குக் கொண்டுவருவது, மருந்தை விட்டுவிட்டு பத்தியத்தை மட்டும் பிடித்துக்கொள்வது போன்றது.

இன்னொரு வாதம்: "வீட்டில் நேரத்துக்கு வா என்று சொல்கிறோம், அதையே அரசு சொன்னால் என்ன தப்பு?" வீட்டின் கட்டுப்பாடு நல்லது, பல நேரங்களில் தேவையானது. அதன் நன்மை அது பேசிப் பார்க்கும் கட்டுப்பாடு என்பதில் இருக்கிறது. யாரோடு போகிறாய், எப்படி வருவாய் என்று கேட்டு, இன்றைக்கு ஒன்பது, கோவில் திருவிழா என்றால் பதினொன்று என்று அம்மா முடிவு செய்கிறாள். அவளுக்குப் பிள்ளையைத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. அரசு நேரம் குறித்துவிட்டால் அம்மாவின் அந்த உரிமையும் பறிபோகிறது: அவள் அனுமதித்துப் போன பிள்ளையையும் தெருவில் நிறுத்துவார்கள், அவளுக்கே அபராதமும் போடலாம். வளரும் பிள்ளை தன் நேரத்தைத் தானே ஆளக் கற்பதும் இந்தப் பேச்சின் வழியாகத்தான்.

அப்படியானால் வீலிங்கும் போதையும் இருட்டில் நடக்கட்டும் என்று விடுவதா? இல்லை. அவற்றுக்கெல்லாம் சட்டம் இருக்கிறது, அது சரியான ஆளைப் பிடிக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டி உரிமையாளருக்கோ பாதுகாவலருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டிப் பதிவு ஓராண்டு ரத்தாகும்; அந்தச் சிறுவன் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. இரவைப் பற்றியே ஒரு சட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது: குழந்தைத் தொழிலாளர் சட்டம் வளரிளம் பருவத்தினரை மாலை 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது. கவனியுங்கள், இரவு பிள்ளைக்கு ஆபத்தானது என்பதை அது ஒப்புக்கொள்கிறது; ஆனால் பிள்ளையைத் தடுக்கவில்லை, வேலை வாங்கும் முதலாளியைத் தடுக்கிறது.

இந்த நகரம் ஒருமுறை இரண்டு வழியையும் முயன்று பார்த்திருக்கிறது. 2005 டிசம்பரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய பி.பி.ஓ. பெண் ஊழியர் ஒருவர் கார் ஓட்டுநரால் கொல்லப்பட்டார். 2007-ல் கர்நாடக அரசு பெண்கள் இரவில் வேலை செய்வதற்குத் தடை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. நிலைத்து நின்றது மற்ற வழி: இரவில் பெண்களை வேலைக்கு வைக்கும் நிறுவனம் வாகனமும் காவலும் தரவேண்டும் என்ற கடமை. இன்று லட்சக்கணக்கான பெண்கள் இரவில் வேலைக்குப் போகிறார்கள். பெண்களை வீட்டுக்குள் அனுப்பியிருந்தால் இந்த நகரமே வேறாகியிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்திலும் அதே வழிதான். டியூஷன் மையம் இரவு ஒன்பது வரை வகுப்பு நடத்தினால், கடைசிப் பிள்ளை பத்திரமாகக் கிளம்பும் வரை பொறுப்பு அதனுடையது என்று விதி வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருமுனை வரை விளக்கு எரிய வேண்டும். 2024-ல் பெங்களூருப் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்துவைக்க முடிவானது நல்ல தொடக்கம். மைதானங்களும் நூலகங்களும் அதைப் பின்பற்றலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கவேண்டிய சிறார் சிறப்புக் காவல் பிரிவு இரவில் ரோந்து வரட்டும். தனியாக நிற்கும் குழந்தையிடம் "ஏன் வெளியே நிற்கிறாய்?" என்பதற்கு முன் "வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கப் பயிற்சி பெற்றவர்களாக அவர்கள் இருக்கட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதியிருக்கட்டும். இதற்கெல்லாம் செலவாகும், ஆட்கள் வேண்டும். ஊரடங்குச் சட்டத்துக்கு ஒரு தாளும் கையெழுத்தும் போதும். அதனால்தான் அது கவர்ச்சியாக இருக்கிறது.

ஊர் அடங்குவது என்பது நம் மொழியில் முதலில் ஓர் இயல்பான நிகழ்ச்சியின் பெயர். சாப்பாடு முடிந்து, பேச்சு ஓய்ந்து, விளக்குகள் ஒன்றொன்றாக அணைந்து, ஊர் தானாக அடங்கும். அப்படி அடங்கும் ஊரில் நேரங்கழித்து வரும் பிள்ளைக்குப் பயமில்லை. திண்ணையில் யாராவது ஒருவர் விழித்திருப்பார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு வழியனுப்புவார். பெங்களூருவில் திண்ணைகள் போய்விட்டன. அந்த விழித்திருக்கும் ஆளின் வேலையை இப்போது நகர நிர்வாகமும் காவல்துறையும் நாமும் சேர்ந்து செய்ய வேண்டும். பத்தரை மணிக்கு டியூஷனிலிருந்து தனியாக நடந்து வரும் பதினாறு வயதுப் பெண், ரோந்து வாகனத்தின் விளக்கைப் பார்த்ததும் நிம்மதி அடைய வேண்டும். ஊரடங்குச் சட்டம் வந்தால், அதே விளக்கைக் கண்டு அவள் ஒளிந்துகொள்ள இடம் தேடுவாள்.